ஏழாம் தட்டின் இழைகள்

பிழை இருக்கக்கூடாது என்று கும்பிடுகிறவர்களைத்தான் நான் கண்டிருக்கிறேன். போன தை மாதம் ஒன்பது நாட்கள் நான் பிழை இருக்கவேண்டும் என்று கும்பிட்டேன். அரியாலையில் எங்கள் ஒழுங்கை முடக்கில் இருக்கும் பிள்ளையாரிடம் காலையும் மாலையும் நான் கேட்டது இவ்வளவுதான்: "அப்பனே, நான் எங்கையோ பிழை விட்டிருக்கவேணும்."

என் பெயர் வாகீசன். வயது நாற்பத்தெட்டு. இரத்தம் எடுப்பதும் அதை நுணுக்குக்காட்டியில் பார்ப்பதும் இருபத்திரண்டு வருடமாக என் தொழில். கோபக்காரன் என்று பெயர் எடுத்தவன். மாதக்கணக்காகக் காய்ச்சலும் களைப்புமாக இருந்துவிட்டுக் கடைசியில் வந்து கையை நீட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. "இவ்வளவு நாளும் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்? ஒரு ஊசிக்குப் பயமோ?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். தாய் தகப்பன் வயதில் உள்ளவர்களையும் அப்படிக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஆய்வுகூடம் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு மாடியில் இரண்டு அறைகள். ஆட்கள் மூன்று பேர். தலைவி அருந்ததி; மேடம் என்பதை நாங்கள் மடம் என்போம். வெளிநாட்டில் படித்துவிட்டு, அங்கேயே இருக்கச் சொன்னவர்களோடு சண்டை பிடித்துக்கொண்டு ஊருக்கு வந்தவர். அடுத்தது யசிந்தா. குருநகர்ப் பிள்ளை, இருபத்தொன்பது வயது, அவள் சிரித்தால் பக்கத்து அறைக்கும் கேட்கும். மூன்றாவது நான்.

உடம்பில் ஒரு கலம், அதாவது ஒரு செல், இன்னொரு கலத்தோடு பேசப் பல வழிகள் உண்டு. மடத்தின் ஆராய்ச்சி அதில் ஒரு வழியைப் பற்றியது. ஒரு கலம் தன் தோலையே மெல்லிய குழாயாக இழுத்து நீட்டி, அடுத்த கலத்தில் கொண்டுபோய் ஒட்டிவிடும். தலைமயிர் ஒன்றை நீளவாக்கில் சில நூறாகக் கிழித்தால் ஒரு கீற்று எவ்வளவு வருமோ அவ்வளவுதான் அதன் தடிப்பு. வளர்க்கும் தட்டின் அடியில் படாமல், இரண்டு மரத்துக்கிடையில் கட்டிய உடுப்புக்கொடி மாதிரி அந்தரத்தில் நிற்கும். அதற்குள்ளால் சாமான்கள் போகும், வரும்.

"கஷ்டப்படுற கலம் தன்ரை பழுதான இழைமணியைப் பக்கத்துக் கலத்துக்குத் தள்ளிவிடும்," என்று மடம் எங்களுக்கு முதல் நாளே விளங்கப்படுத்தினார். இழைமணி என்பது கலத்துக்குள் சக்தி எரிக்கிற அடுப்பு. "நல்ல கலம் தன்ரை நல்லதைக் குடுக்கும். ஒண்டுக்கொண்டு உதவி. ஆனா புற்றுக் கலமும் இந்த வித்தையைப் பிடிச்சுக்கொண்டுது. நாங்கள் மருந்து அடிக்க அடிக்க, அது பக்கத்து வீட்டிலை வாங்கித் திண்டு உயிர் தப்புது."

"ஆர் குழாயை நீட்டுறது மடம்? குடுக்கிறவனோ வாங்கிறவனோ?" என்று கேட்டேன்.

"சில நேரம் அவன், சில நேரம் இவன். பாத்துக்கொண்டிருக்கிறவனுக்குத் தெரியாது," என்றார்.

ஆவணியில் தொடங்கிப் பதினொரு கிழமை வேலை செய்தோம். ஒவ்வொரு புதன்கிழமையும் இரத்தப் புற்றுநோயாளர் மூவரின் இரத்தம் வரும். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று நானே அந்த நாளுக்குச் சம்மதித்தேன். அந்த மூன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சுகதேகி ஒருவரின் இரத்தமும் வேண்டும். அதைக் கொன்ட்ரோல் என்போம். கிழமைக்குக் கிழமை ஆள் மாறக்கூடாது என்பது மடத்தின் கட்டளை. ஆகவே கொன்ட்ரோல் நான். என் கையில் யசிந்தா ஊசி போடுவாள். இரத்தத்தின் வெள்ளைக் கலங்களான வெண்குழியங்களைப் பிரித்துத் தட்டுகளில் வளர்ப்போம். நாற்பத்துநாலு தட்டுகளையும் படம் பிடித்த பிறகு, மடம் இலக்கங்களைக் கலைத்துப் போட்டு, எது யாருடையது என்று எழுதிய தாளை உறையில் இட்டு ஒட்டினார். யாருடைய தட்டு என்று தெரியாமல், படங்களில் உள்ள குழாய்களை எண்ணுவது என் வேலை.

மழைக்காலம் முழுவதும் எண்ணினேன். சில தட்டுகளில் நூறு கலத்துக்கு நாலைந்து குழாய்கள். அது சுகதேகியின் கணக்கு. சிலவற்றில் இருபது, முப்பது. ஏழாம் தட்டில் அறுபத்திரண்டு. ஒரு கலம் விடாமல் எல்லாம் பக்கத்தில் இருந்ததைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றன. நான் படத்தைப் பெரிதாக்கி யசிந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இஞ்சை பாரும். இந்த ஏழாம் நம்பர் ஆள் பாவம். மருந்து கேளாது போலை."

அவள் குனிந்து பார்த்தாள். நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். "யேசுவே, ஆரோ ஒரு தாயின்ரை பிள்ளை," என்றாள். பிறகு, "வாங்கோ அண்ணை, சாப்பிடுவம்," என்றாள்.

சாப்பாட்டு நேரம் எனக்கு ஒரு தனி சந்தோசம். என் மனைவி தயாளினி பரம்பரைச் சைவம், எங்கள் வீட்டு அடுப்பில் மீன் ஏறியதில்லை. நான் வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் தவிர மற்ற நாளெல்லாம் வெளியில் கிடைத்தால் விடமாட்டேன். கந்தசட்டிக்கு ஆறு நாளும் பாலும் தண்ணீரும்தான், அதில் மட்டும் எமனாலும் என்னை அசைக்க முடியாது. யசிந்தாவின் தாய் கட்டித் தரும் சோற்றுப்பெட்டியில் விளைமீன் பொரியல், இறால், கணவாய் என்று நாளுக்கு ஒன்று இருக்கும். பெட்டியைத் திறந்ததும் அவள் பாதியை மூடியில் போட்டு என் பக்கம் தள்ளிவிடுவாள். கார்த்திகைக்குப் பிறகு பாதி முக்காலாகியது. "எனக்கு வயிறு நிரம்பிட்டுது அண்ணை. மிச்சம் கொண்டுபோனா அம்மா பேசுவா, முடியுங்கோ," என்பாள். நான் வழித்துத் துடைத்துக் கொடுப்பேன்.

பொங்கலுக்கு அடுத்த நாள் புதன்கிழமை காலை, யசிந்தா வருவதற்கு முன்பே, மடம் உறையைக் கிழித்தார். நான் எண்ணி எழுதிய பட்டியலை அவர் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். நோயாளர், நோயாளர், கொன்ட்ரோல். எல்லாம் நினைத்தபடி ஒத்துப்போனது. பிறகு புருவத்தைச் சுருக்கினார்.

"ஏழு கொன்ட்ரோலாம்," என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. மடம் சிரித்தார். "உங்கடை இரத்தம் வாகீசன்! உங்களுக்குத்தான் எல்லாரையும் விடக் கடும் நோய். உது பிழை, கட்டாயம் தட்டு மாறியிருக்கு. நான் கொழும்புக்குப் போட்டு அடுத்த கிழமை வாறன். எந்தத் தட்டோடை மாறினது எண்டு ஒருக்காத் தேடிப் பிடிச்சு வையுங்கோ." தாளை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் பயணப்பையை இழுத்துக்கொண்டு போனார்.

நானும் சிரித்தேன். வாசல் வரை போய் வழியனுப்பினேன். திரும்பி வந்து கதிரையில் இருந்தேன்.

தட்டு மாறவில்லை என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் சொன்னால் தலைக்கனம் என்பார்கள், ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு குழாயை மாற்றி வைத்ததில்லை. இலக்கங்களை முதல் நாளே எழுதி ஒட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். ஒரு நோயாளியின் தட்டோடு என்னுடையது மாறியிருந்தால், நோயாளர் பக்கம் ஒரு தட்டு சுத்தமாக இருக்கவேண்டும். மடம் வாசித்தபோது அப்படி ஒன்றுமே வரவில்லை. இதை மடம் கவனிக்கவில்லை. எனக்கு அந்த நிமிடமே உறைத்தது.

அப்படியென்றால் அந்த அறுபத்திரண்டு குழாய்களும் என் உடம்பில் இருந்து வந்தவை.

பக்கத்து அறையில் இரத்தக் கலங்களை எண்ணும் இயந்திரம் இருக்கிறது. கையில் ஊசி போட்டு இரண்டு மில்லிலீற்றர் எடுத்து வைத்தால் ஐந்து நிமிடத்தில் விடை வரும். அந்த ஐந்து நிமிட வேலையை நான் செய்யவில்லை. முதல் நாள் நேரமில்லை என்று எனக்கு நானே சொன்னேன். இரண்டாம் நாள் இயந்திரத்தைத் துடைத்து, மருந்து மாற்றி, பேசாமல் மூடிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் அந்த அறைக்குள் போகவே இல்லை. லாச்சியையும் திறக்கவில்லை. திறந்து பார்த்துப் பிழை இல்லை என்றால், பிறகு கும்பிடுவதற்கும் ஒன்றும் மிஞ்சாது.

பயம் வந்தால் உடம்பு ஒரு சாட்சிக்கூண்டாகிவிடுகிறது. பல் துலக்கும்போது முரசில் இரத்தம் கசிந்தது. அது வருடக்கணக்காகக் கசிவதுதான், இப்போது நான் துப்பியதைக் குனிந்து பார்த்தேன். தொடையில் ஒரு நீலத் தழும்பு இருந்தது. சைக்கிளில் இடித்ததா, தானாக வந்ததா? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. சட்டைக் கொலரைத் தூக்கிக் கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவித் தடவி, கழுத்துத் தோல் சிவந்து போயிற்று.

நான்காம் நாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் கடல்நீரேரி ஓரமாகச் சைக்கிளை நிற்பாட்டினேன். நல்ல வெயில். தண்ணீருக்குள் நடப்பட்ட தடிகளில் கொக்குகள் நின்றன. மகளுக்கு இந்த வருடம் ஏ.எல். பரீட்சை. வீட்டுக்குப் பின்பக்கக் கூரை போட்டு முடியவில்லை. இப்படி ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு போனபோது, என் உடம்புக்குள் இந்த நேரத்திலும் அந்தக் குழாய்கள் நீண்டுகொண்டிருக்கின்றன என்ற நினைப்பு வந்தது. ஒரு கெட்ட கலம் கையை நீட்டுகிறது, பக்கத்தில் இருக்கும் நல்ல கலம் ஒன்றும் தெரியாமல் தன் அடுப்பைத் தூக்கிக் கொடுக்கிறது. எனக்கு வாய்விட்டுக் கத்தவேண்டும் போல இருந்தது. நாற்பத்தெட்டு வயது மனிதன் நடுரோட்டில் கத்தினால் விசரன் என்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

வீட்டில் தயாளினி கண்டுபிடித்துவிட்டாள். "இஞ்சாருங்கோ, என்ன நடந்தது? மூண்டு நாளாச் சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு வைக்கிறியள்."

"ஒண்டுமில்லை. வேலையிலை ஒரு பிழை. தேடிக்கொண்டிருக்கிறன்."

"பிழை எண்டால் திருத்தலாம்தானே? அதுக்கேன் முகம் செத்துப்போய்க் கிடக்கு?"

பானை கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது, இந்த வருடம் எங்களுக்கு நல்ல வருடம் என்று அவள் பொங்கலன்று ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். அவளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆய்வுகூடத்தில் யசிந்தாவும் கவனித்தாள். "அண்ணை, நீங்கள் மெலிஞ்சு போனியள். இந்தாங்கோ, இண்டைக்கு இறால்." முக்கால்வாசிப் பெட்டியும் என் பக்கம் வந்தது. வீட்டில் இறங்காத சோறு அங்கே மட்டும் எப்படியோ இறங்கியது. சாகப்போகிறவன் ஏன் மீனைக் குறைப்பான் என்று நினைத்திருக்கவேண்டும். அவளும் கொஞ்சம் மெலிந்திருந்தாள். அவளது வெள்ளை மேலங்கி தோளில் இருந்து வழுகியது. தை மாதக் குளிரிலும் காற்றாடியைப் போட்டுவிட்டுக் கழுத்தைத் துடைத்துக்கொள்வாள். கலியாணப் பேச்சு நடக்கிறதாக்கும், அதுதான் மெலிகிறாள் என்று எனக்குள் பகிடியும் விட்டுக்கொண்டேன். அதற்கு மேல் பார்க்க எனக்குக் கண் இருக்கவில்லை. என் கண் முழுவதும் என் தொடைத் தழும்பில் இருந்தது.

ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை காலை மடம் கொழும்பில் இருந்து போன் எடுத்தார். "நாளைக்கு வாறன் வாகீசன். தட்டு பிடிபட்டுதோ?"

"ஓம் மடம், பாத்துக்கொண்டிருக்கிறன்," என்றேன்.

போனை வைத்ததும் எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. ஒரு ஊசிக்குப் பயமோ என்று எத்தனை பேரைக் கேட்டிருப்பேன்! யசிந்தா கீழே சாமான் இறக்கப் போயிருந்த நேரம் பார்த்து, இடக்கையில் பட்டியைப் பல்லால் இழுத்துக் கட்டி, வலக்கையால் நானே குத்தி எடுத்தேன். இயந்திரத்தில் வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பி நின்றேன். தாள் வெளியே வரும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. முருகா, பிள்ளையாரே, அம்மாளாச்சி என்று வாய்க்கு வந்த எல்லாரையும் கூப்பிட்டு முடிந்த பிறகுதான் தாளை எடுத்தேன்.

வெண்குழியங்கள் ஆறாயிரத்து எண்ணூறு. நாலாயிரத்துக்கும் பதினோராயிரத்துக்கும் இடையில் இருந்தால் சுகம். ஒரு துளியைக் கண்ணாடியில் பூசி, நிறமேற்றி, நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். ஒரு கெட்ட கலம் இல்லை. பாடப்புத்தகத்தில் போடக்கூடிய இரத்தம்.

நான் அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகப் பாய்ந்து இறங்கினேன், மூச்சு வாங்கவே இல்லை. சந்தைக்குப் போய் ஒன்பது நாளுக்கு ஒன்பது தேங்காய் வாங்கி, பக்கத்துப் பிள்ளையார் கோயில் வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துச் சிதற விட்டேன். கோயில் ஐயர் எட்டிப் பார்த்து, "என்ன வாகீசன், வெளிநாடு சரிவந்திட்டுதோ?" என்று கேட்டார். "அதைவிடப் பெரிசு ஐயா," என்றேன்.

தெறித்ததில் ஒரு தேங்காய்ப் பாதியைப் பொறுக்கிக்கொண்டு மேலே வந்தேன். யசிந்தா சாப்பாட்டு மேசையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். சிரட்டையில் இருந்து தேங்காய்ச் சொட்டு ஒன்றைக் கிளப்பி அவள் கையில் வைத்தேன்.

"என்ன அண்ணை விசேசம்? ஒரு கிழமையா செத்த வீட்டு முகம், இண்டைக்கு என்ன இது?"

மனம் நிறைந்து போயிருந்தது, கொட்டிவிட்டேன். "யசிந்தா, இனிச் சொன்னா என்ன. அண்டைக்கு உறை உடைச்சபோது ஏழாம் தட்டு கொன்ட்ரோல் எண்டு வந்தது. நான் செத்தன் எண்டு நினைச்சிட்டன். ஒன்பது நாள் நித்திரை இல்லை. இண்டைக்குத்தான் துணிஞ்சு என்ரை இரத்தத்தைப் பாத்தன். ஒரு குறையும் இல்லை! எங்கேயோ லேபல் பிழைச்சிருக்கு. ஒன்பது தேங்காய் அடிச்சிட்டு வாறன்."

அவள் சிரித்தாள். "ஐயோ அண்ணை, ஒரு ஊசிக்குப் பயமோ?" என்று என் குரலிலேயே கேட்டாள். தேங்காய்ச் சொட்டில் ஒரு கடி கடித்தாள். மென்றுகொண்டே, "ஏழாம் தட்டு எந்தக் கிழமையான்?" என்றாள்.

"தெரியாது. தாள் லாச்சிக்குள்ளை கிடக்கு."

அவள் எழுந்து போய் லாச்சியை இழுத்தாள். தாளை எடுத்து விரலை ஓட்டினாள். பிறகு அலுமாரியில் இருந்து பதிவுக் கொப்பியை எடுத்துத் திகதியைப் பார்த்தாள். நான் அப்போதும் மூடியில் சோற்றைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணை," என்றாள். வாயில் மென்ற தேங்காய் விழுங்காமல் இருந்தது. "இது கந்தசட்டி அஞ்சாம் நாள்."

அந்தப் புதன்கிழமை முழுவதும் ஒரேயடியாக ஞாபகத்துக்கு வந்தது. விரதத்தில் தலை சுற்றி வாங்கில் படுத்திருந்தேன். என் பெயருக்கான இலக்கம் ஒட்டிய குழாய் முதல் நாளே ஆயத்தமாக இருந்தது. யசிந்தாதான் வந்து சொன்னாள், "நீங்கள் விரதம், இரத்தம் குடுக்கவேண்டாம் அண்ணை. எனக்கு விரதமில்லை, நான் தாறன்." ஆள் மாறக்கூடாது என்ற மடத்தின் கட்டளை நினைவில் வந்தும், படுத்த படுக்கையிலேயே சொன்னேன்: "சரி, லேபலை மாத்தாதேயும். மடத்துக்குச் சொல்லவும் வேண்டாம்." அவளே தன் கையில் எடுத்து, அவளே சுழற்றிப் பிரித்தாள். "வெண்குழியப் படை நல்லாத் தடிப்பா வந்திருக்கு, வந்து பாருங்கோ," என்றாள். நான் எழுந்து பார்க்கவில்லை. மறைத்ததை நாளடைவில் மறந்தும் போனேன்.

நான் விட்டிருக்கவேண்டும் என்று கேட்ட பிழை அங்கேதான் இருந்தது.

"அப்பிடி இராது," என்றேன். "ஒரு தட்டை வைச்சுச் சொல்லேலாது. காய்ச்சல் கீச்சல் இருந்தாலும்..."

"நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள், பாவம், மருந்து கேளாது எண்டு." அவள் கண்கள் பெரிதாகியிருந்தன. இத்தனை நாளும் கண்ணாடியில் பார்த்த என் சொந்தக் கண்களை அவள் முகத்தில் பார்த்தேன். கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, மேலங்கிக் கையை மடித்தாள். "எடுங்கோ. இப்பவே எடுங்கோ. எனக்கு உங்களை மாதிரி ஒன்பது நாள் இருக்கேலாது."

அவள் கை மெலிந்து, நரம்பு தேடாமலே தெரிந்தது. என் முதல் குத்துப் பிழைத்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு செபம் சொன்னாள். இரண்டாம் குத்தில் இரத்தம் வந்தது. இயந்திரத்தின் முன்னால் இருவரும் நின்றோம். இந்த முறை நான் யன்னல் பக்கம் திரும்பவில்லை.

ஒரு இலட்சத்துப் பன்னிரண்டாயிரம்.

அவள் கத்தவில்லை. என் சட்டையின் கைப்பக்கத்தைப் பிடித்தாள். பிடித்த பிடி விடவில்லை. நான் மற்றக் கையால் மடத்துக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன், விரதத்தையும் லேபலையும் சேர்த்து. மடம், கலங்கள் எப்படி இருக்கின்றன, வயிற்றின் இடப்பக்கம் பாரமாக இருக்கிறதா, சாப்பாடு கொஞ்சத்திலேயே நிரம்புகிறதா என்று கேட்டார். இயந்திரத் தாளைப் பார்த்துக் கலங்களைச் சொன்னேன், மற்றவற்றை ஒவ்வொன்றாக யசிந்தாவிடம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அவள் ஓம் என்று தலையாட்டினாள்.

"மெதுவா வாற வகை போலைதான் இருக்கு," என்றார் மடம். "தட்டிலை இருக்கிறதை வைச்சு மருந்து கேளாது எண்டு ஆரும் சொல்லேலாது. உந்த வகைக்குக் குளிசை மருந்து இருக்கு, கன பேர் குடிச்சுக்கொண்டு வேலைக்குப் போகினம். ஆனா இன்னும் பிந்தக்கூடாது. நான் டொக்டரோடை கதைக்கிறன், உடனை கூட்டிக்கொண்டு போங்கோ."

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க அவள் என் சட்டைக் கையைப் பிடித்தபடி இருந்தாள். வார்ட்டில் தாதி கட்டில் காட்டிய பிறகுதான் விட்டாள். "அண்ணை, அம்மாவுக்கு நீங்கள் சொல்லுங்கோ. எனக்கு வாய் வராது. அப்பிடியே அந்தச் சோத்துப்பெட்டியையும் குடுத்துவிடுங்கோ, இல்லாட்டி நாளைக்குக் கட்டுறதுக்குத் தேடுவா," என்றாள்.

என் பெண்சாதிக்கு ஒன்பது நாள் சொல்ல முடியாதவன், இன்னொருத்தியின் தாய்க்குச் சொல்லக் குருநகருக்குப் போனேன். ஆய்வுகூடத்துக்குத் திரும்பி எடுத்த பெட்டி சைக்கிள் முன்கூடைக்குள் கிடந்து ஆடியது. அன்றைய சோறு அப்படியே இருந்தது, யாரும் தொடவில்லை. பின்னேரம் மூன்று மணி இருக்கும். யசிந்தாவின் தாய் மேர்சி அக்கா வாசலில் இருந்து மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கோ தம்பி, வாகீசன்தானே? பிள்ளை உங்களைப் பற்றித்தான் ஒரே கதை. என்ன இந்த நேரத்திலை?" என்றவர் என் முகத்தைப் பார்த்துக் கத்தியைக் கீழே வைத்தார்.

நான் நின்றபடியே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. வளைக்கத் தெம்பில்லை. வருத்தத்தின் பெயரைச் சொன்னேன், குளிசை இருக்கிறது என்றும் சொன்னேன், இப்போது வார்ட்டில் இருக்கிறாள் என்றும் சொன்னேன்.

அவர் என்னை விறைத்துப் பார்த்தார். பயத்தைக் காட்டாமல் இருக்கக் கோபத்தைக் கையில் எடுத்தார். எனக்குத் தெரிந்த வித்தைதான் அது.

"விசர்க் கதை கதையாதேங்கோ. அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வீட்டிலை ஒரு பிடி குறைச்சுச் சாப்பிட்டாலும் மத்தியானம் வயிறாரச் சாப்பிடுறவள். கார்த்திகையிலை இருந்து நான் சோத்தையும் மீனையும் கூட்டி அடைஞ்செல்லோ கட்டுறனான்? சாப்பிடாத பிள்ளையின்ரை பெட்டி இப்பிடி வருமோ? ஒரு நாளாவது, சொல்லுங்கோ, ஒரு நாளாவது ஒரு பருக்கை மிச்சம் வந்ததோ?"

கூடையில் இருந்து பெட்டியை எடுத்து நீட்டினேன். பாரமாக இருந்தது. அவர் வாங்கிய கை அந்தப் பாரத்தில் தாழ்ந்தது.

"அக்கா," என்றேன், "அது நான் சாப்பிட்டது."